பந்தி முடியும்வரை காத்திருந்த சால்சா

என் மகேசு அக்காவுக்கு,

நீ உயிரோடு இருந்தவரைக்கும் உன்னை ‘நீங்க’ என்றுதான் கூப்பிட்டேன். இந்த வீட்டின் மூத்த மருமகள், எனக்கு ஓரகத்தி, வயதிலும் பெரியவள். இன்று ‘நீ’ என்றுதான் எழுதப்போகிறேன். கோபத்தில் இருக்கிறவளிடம் மரியாதையை எதிர்பார்க்காதே.

நலமா என்றும் கேட்கமாட்டேன். செத்தவர்களிடம் என்ன நலம் விசாரிப்பது? இங்கே எல்லாரும் நன்றாகத்தான் இருக்கிறார்கள், அதுதான் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. புடவைக் கடை நடக்கிறது. மாமியாருக்கு முட்டியில் வலி, வாயில் ஒரு வலியும் இல்லை. உன் மகள் திவ்யா வேலூரில் கடைசி வருஷம் படிக்கிறாள். உன் புருஷனுக்குக் கல்யாணம் ஆகிவிட்டது.

ஆமாம் அக்கா, சரியாகத்தான் எழுதியிருக்கிறேன்.

உன் வருஷத் திதி முடிந்த கையோடு பெண் பார்க்கக் கிளம்பினார்கள். “வீட்டுக்கு ஒரு பொம்பள வேணாமா? யாரு சோறு ஆக்கிப் போடறது?” என்று அத்தை வந்தவர் போனவரிடமெல்லாம் கேட்டார். அவர் அதைக் கேட்கும்போது நான் எதிரிலேயே கரண்டியோடு நின்றுகொண்டிருந்தேன். என்னை எந்தக் கணக்கில் வைத்திருக்கிறார்கள் என்று அன்றைக்குப் புரிந்தது.

பெண் அமைந்ததும், கல்யாணத்துக்கு முன்னால் பூவாடைக்காரிக்குப் படைக்க வேண்டும் என்று ஆரம்பித்தார்கள். உனக்குத் தெரியாததா? பூவோடும் பொட்டோடும் செத்துப்போன பெண்ணை வீட்டுத் தெய்வமாக்கி, ஒரு நல்ல காரியத்துக்கு முன்னால் செம்பில் தண்ணீர் எடுத்துவந்து, பக்கத்தில் புதுப் புடவை வைத்து, அவளுக்குப் பிடித்ததை இலையில் போட்டுக் கும்பிடுகிற வழக்கம். முகம்கூடத் தெரியாத ஏதோ ஒரு கொள்ளுப்பாட்டிக்கு நீயும் நானும் இடுப்பொடிய வடை சுட்டிருக்கிறோம். இந்தத் தடவை பூவாடைக்காரி நீதான். உன் புருஷன் இன்னொருத்திக்குத் தாலி கட்ட, உன்னிடமே உத்தரவு கேட்டு உனக்கே படையல். இதைவிட அநியாயம் வேறு உண்டா?

புடவையை அவரே கடையிலிருந்து எடுத்து வந்தார். பாசிப்பச்சை உடம்பு, மஞ்சள் கரை. அந்தப் புடவையை எத்தனை பேருக்கு நான் பிரித்துக் காட்டியிருப்பேன் தெரியுமா? எல்லாரும் தடவிப் பார்த்துவிட்டு அடுத்ததைக் காட்டச் சொல்வார்கள். தெய்வத்துக்கு விற்காத புடவை போதும் என்று நினைத்துவிட்டார் போலிருக்கிறது.

“மகேசுக்கு இன்னாடா புடிக்கும்?” என்று அத்தை அவரைக் கேட்டார். அவர் விட்டத்தைப் பார்த்தார். கொஞ்சம் யோசித்தார். “அவ எல்லாம் சாப்டுவா” என்றார்.

அவ்வளவுதான் அக்கா. உன் கையால் அத்தனை வருஷம் தின்ற மனிதருக்கு உன்னைப் பற்றித் தெரிந்தது அவ்வளவுதான். கடைசியில் பருப்பு வடை, பாயசம், உருளைக்கிழங்கு வறுவல், கத்திரிக்காய்க் காரக்குழம்பு என்று முடிவானது. எல்லாம் அவருக்குப் பிடித்தவை. கத்திரிக்காய் தின்றால் உனக்கு நாக்கு அரிக்கும் என்று நான் சொன்னேன். யார் காதிலும் விழவில்லை.

திவ்யா படையலுக்கு வரவில்லை. பரீட்சை என்று சொல்லச் சொன்னாள். பரீட்சையும் இல்லை ஒன்றும் இல்லை. போனில் என்னிடம் ஒன்றுதான் கேட்டாள்: “சித்தி, எலையில சால்சா வெப்பியா? அது இல்லன்னா அது எங்கம்மாவுக்கு வெச்ச படையலே இல்ல.”

அந்தப் பெங்களூர்க் கல்யாணம் நினைவிருக்கிறதா? மண்டபத்தின் ஓரத்தில் விதவிதமாகக் கடை போட்டிருந்தார்கள். ஒரு மேசையில் மக்காச்சோள வறுவலும், பக்கத்தில் பொடியாக நறுக்கிய பச்சைத் தக்காளிக் கலவையும். அதற்குத்தான் சால்சா என்று பேர் சொன்னார்கள். பச்சை என்றால் காய் இல்லை, நன்றாகப் பழுத்த தக்காளிதான், ஆனால் வேகவைக்காதது. ஒரு வாய் தின்றுவிட்டு அந்த இடத்தை விட்டு நீ நகரவே இல்லை. மேசைக்காரரிடம் “இதுக்கு அடுப்பே வேணாமாங்க?” என்று திரும்பத் திரும்பக் கேட்டாய். வேண்டாம் என்று அவர் சொல்லச் சொல்ல உன் முகம் மலர்ந்ததை நான் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

ஊருக்கு வந்ததும் ஆரம்பித்துவிட்டாய். சந்தவாசலில் தோட்டத்தில் தக்காளி போடுகிற வீட்டில் பிறந்தவள், உனக்குச் சொல்லித்தர வேண்டுமா? நாட்டுத் தக்காளி மட்டும் போட்டால் சொதசொத என்றாகிவிடுகிறது, பெங்களூர்த் தக்காளி மட்டும் போட்டால் புளிப்பே இல்லை என்று பாதிக்குப் பாதி கலந்தாய். விதையையும் சாற்றையும் வழித்து ரசத்துக்கு எடுத்து வைத்தாய். வெங்காயத்தை அரிந்து தண்ணீரில் போட்டு நெடியைப் போக்கினாய். கொத்தமல்லியின் தண்டையும் விடவில்லை. பச்சை மிளகாய், பிழிந்த எலுமிச்சை. “மிக்ஸியில அடிச்சா சட்னிடி, கத்தியில அரிஞ்சாதான் சால்சா” என்று எனக்குப் பாடம் வேறு. மக்காச்சோள வறுவலுக்கு எங்கே போவது? அரிசி அப்பளத்தைப் பொரித்துத் தொட்டுக்கொண்டோம். அதுவே எனக்கு இன்னும் பிடித்தது.

எல்லாவற்றையும்விட உப்பு. தக்காளியில் உப்பைப் போட்டுவிட்டால் கொஞ்ச நேரத்தில் தண்ணீர் விட்டுக்கொள்ளும், மொறுமொறுப்பு போய்விடும், அதனால் உப்பு கடைசியில், தின்கிற நேரத்தில்தான் என்று கண்டுபிடித்தாய். கண்டுபிடித்து என்ன பயன்? நீ எந்த நேரத்தில் தின்றாய்?

முதலில் ஆண்கள். அதற்குப் பிறகு கடையில் வேலை செய்கிறவர்கள். அதற்குப் பிறகு அத்தை. நம் முறை வந்துவிட்டது என்று நீ ஆசையாக உப்பைத் தூவுவாய். அப்போதுதான் கூடத்திலிருந்து “மோரு எங்க?” என்று ஒரு குரல் வரும். நீ எழுந்து ஓடுவாய். மோரைக் கொடுத்தால் ஊறுகாய், ஊறுகாயைக் கொடுத்தால் யாரோ புதிதாக வந்து நிற்பார்கள். நீ திரும்பி வரும்போது கிண்ணத்தில் சால்சா இருக்காது, சிவப்புத் தண்ணீர்தான் இருக்கும். அதைச் சோற்றில் ஊற்றிப் பிசைந்துகொண்டு “ரசம் மாதிரி நல்லாத்தாண்டி இருக்குது” என்பாய். சிரித்துக்கொண்டே சொல்வாய். அந்தச் சிரிப்பை நினைத்தால் எனக்கு இப்போதும் கிண்ணத்தைத் தூக்கி வீச வேண்டும்போல இருக்கிறது.

நீ போன அன்றும் அப்படித்தானே நடந்தது? நான் போளூரில் என் அம்மா வீட்டில் இருந்தேன். வெளியூர் வியாபாரிகள் புடவை எடுக்க வந்திருந்தார்கள், அவர்களுக்கு நம் வீட்டில் சாப்பாடு. பரிமாறும்போதே உனக்கு வியர்த்துக் கொட்டியிருக்கிறது. இடது கை வலிக்கிறது என்று சொல்லியிருக்கிறாய். ஆஸ்பத்திரிக்குப் போகலாமா என்று அத்தை கேட்டதற்கு “ஆளுங்க சாப்ட்டு எழுந்துக்கட்டும்” என்றாயாம். ஆட்டோ வந்தபோது பந்தி முடிந்திருந்தது. நீயும் முடிந்திருந்தாய்.

இதை எனக்குச் சொன்னதே அத்தைதான். அழுதுகொண்டு சொல்லியிருந்தால்கூடப் பொறுத்திருப்பேன். துக்கத்துக்கு வந்தவர்களிடம் பெருமையாகச் சொன்னார்: “மோரு ஊத்தி முடிக்கற வரைக்கும் நகரலியே மகராசி! பூவும் பொட்டுமா போய்ட்டா, குடுத்து வெச்சவ.” கூட்டமே தலையாட்டியது. உன் புருஷனும் தலையாட்டினார்.

யாருக்குக் கொடுத்து வைத்தாய் அக்கா? எதைக் கொடுத்து வைத்தாய்?

உன் மேலேயும்தான் எனக்குக் கோபம். அவர்கள் மேல் இருப்பதைவிட அதிகம். “எனக்கு முடியல, நான் கெளம்பறேன், நீங்களே போட்டுச் சாப்டுங்க” என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் வானமா இடிந்து விழுந்திருக்கும்? நாலு பேர் மோர் இல்லாமல் கை கழுவியிருப்பார்கள். திவ்யாவுக்கு அம்மா இருந்திருப்பாள். எனக்குப் பேச ஒரு ஆள் இருந்திருக்கும்.

சரி, படையலுக்கு வருகிறேன். அன்று காலையிலேயே எல்லாவற்றையும் அரிந்து, உப்பு மட்டும் போடாமல், கிண்ணத்தை மூடி வைத்துவிட்டுக் குளிக்கப் போனேன். திரும்பி வந்தால் அடுக்களையில் கடுகு வெடிக்கிற சத்தம். உன் சால்சா வாணலியில் கொதித்துக்கொண்டிருக்கிறது, மேலே கறிவேப்பிலை, பெருங்காயம். அத்தை கிளறிக்கொண்டிருந்தார்.

“இன்னாத்த இது?”

“பச்சையா படைச்சா ஆவாதுடி. அடுப்புல ஏறாதது படையலா? நீ பாட்டுக்கு மறந்து வெச்சுட்டுப் போய்ட்ட. நான்தான் ஜல்தி தாளிச்சு எறக்கலாம்னு...”

வாயைத் திறந்தால் என்ன வரும் என்று எனக்கே பயமாக இருந்தது. கூடையில் மிச்சமிருந்த தக்காளி, வெங்காயம், எலுமிச்சையை எடுத்துக்கொண்டு, அரிவாள்மனையைக்கூடத் தொடாமல் உன் கத்தியை எடுத்துக்கொண்டு, நேரே படையல் இலைக்கு எதிரில் போய் உட்கார்ந்தேன். வந்திருந்த சொந்தக்காரர்கள் எல்லாம் பார்த்துக்கொண்டிருக்க அங்கேயே மறுபடி அரிந்தேன். “அவளுக்கு இன்னா பேஜாரோ” என்று யாரோ முணுமுணுத்தது கேட்டது. பேசினால் பேசட்டும்.

இலையில் வைத்தேன். உன் புருஷன் கற்பூரம் ஏற்றினார். நீ வந்து சாப்பிடுவாய் என்று எல்லாரும் வெளியே போய்க் கதவைச் சாத்திக்கொண்டு நின்றோம். திறந்து உள்ளே வந்ததும் அத்தை வழக்கம்போல ஆரம்பித்தார்: “ஆம்பளைங்க உக்காருங்க, நேரமாவுது.”

உன் புருஷன் உட்கார்ந்தார். உன் இலையிலிருந்து வடையை எடுத்தார். பிறகு சால்சாவைப் பார்த்துவிட்டு, “தக்காளிய இன்னாத்துக்குப் பச்சையா வெச்சுகினு” என்று புறங்கையால் ஓரமாகத் தள்ளினார்.

“கைய எடு” என்றேன்.

தம்பி பெண்டாட்டி மூத்தாரைப் பார்த்து அப்படிச் சொல்லி நம் வீடு கேட்டிருக்குமா? எனக்கு வாய் நிற்கவில்லை.

“எடுன்னு சொல்றேன்ல? அது அக்காவுக்கு வெச்சது. உசுரோட இருந்தப்ப ஒரு நாளாவது அவ இத நேரத்துக்குத் தின்னாளா? நீங்க மோரு குடிச்சு ஏப்பம் விடற வரைக்கும் அவ மாரப் புடிச்சிகினு நின்னா. சாப்ட்டு எழுந்துக்கட்டும், எழுந்துக்கட்டும்னு நின்னா. நின்னே செத்தா! அவளுக்கு விக்காத பொடவை. அவளுக்குக் கத்திரிக்கா. இதுல உனக்குப் பொண்டாட்டிய வேற அவ தரணுமா?”

எனக்கு என்ன நடக்கும் என்று நினைத்தேன் தெரியுமா? என் வீட்டுக்காரர் என்னை அறைவார், போளூருக்கு மூட்டை கட்டச் சொல்வார்கள் என்று நினைத்தேன். அதற்குத் தயாராகத்தான் கத்தினேன்.

அத்தை படபடவென்று கன்னத்தில் போட்டுக்கொண்டார். “மகேசு வந்துட்டா! பரிமளா மேல எறங்கிட்டாடா!”

அவ்வளவுதான். பெண்கள் குலவையிட்டார்கள். யாரோ என் நெற்றியில் விபூதியை அள்ளிப் பூசினார்கள். என் வீட்டுக்காரர், இதுவரை எனக்கு ஒரு செருப்புகூட எடுத்துக் கொடுக்காதவர், நெடுஞ்சாண்கிடையாக என் காலில் விழுந்தார்.

“யாரும் எறங்கல! நான் பரிமளாதான் பேசறேன்!” என்றேன்.

“அப்டித்தான் சொல்லும். மொதல்ல ஒத்துக்காது” என்றார் ஒரு பெரியவர், ரொம்ப அனுபவப்பட்டவர் மாதிரி.

“நான் பரிமளா! போளூர்க்காரி! உங்களுக்கெல்லாம் பைத்தியமா?”

“கொரலப் பாரேன், அப்டியே மகேசு” என்று அத்தை அழுதார்.

உன் குரலா அது? நீ ஒரு நாளாவது அப்படிப் பேசியிருக்கிறாயா? நீ சத்தம் போட்டே நான் கேட்டதில்லையே அக்கா. உன்னோடு அத்தனை வருஷம் இருந்தவர்களுக்கு உன் குரல் எது, என் குரல் எது என்றுகூடத் தெரியவில்லை. இந்த வீட்டில் ஒருத்தி கோபப்பட வேண்டுமென்றால் அவள் செத்திருக்க வேண்டும் என்று மட்டும் தெளிவாகத் தெரிந்து வைத்திருக்கிறார்கள்.

உன் புருஷன் கைகூப்பிக்கொண்டு நின்றார். “இன்னா கொறை வெச்சோம் சொல்லு தாயே. இன்னா வேணும்னாலும் கேளு.”

கல்யாணத்தை நிறுத்து என்று கேட்டிருக்கலாம். நிறுத்தியிருப்பார். ஆனால் அதைக் கேட்க நீயே வரவேண்டும், நான் யார்? எனக்கு என்ன வேண்டுமோ அதைக் கேட்டேன்.

“பொம்பளைங்க மொதல்ல உக்காந்து சாப்பிடணும். இன்னிக்கி மட்டும் இல்ல, இனிமே எப்பவும்.”

“சரி தாயே” என்றார்.

எவ்வளவு சுலபமாக வந்தது பார் அந்தச் சொல்! இதையே நான் பரிமளாவாக மெதுவாகக் கேட்டபோதெல்லாம் “போயி வேலையப் பாரு” என்பதுதான் பதில். நீயோ கேட்டதே இல்லை.

உட்கார்ந்தோம். ஆண்கள் சுவரோரம் நின்றார்கள். நான் உன் இலையிலும் என் இலையிலும் உப்பைத் தூவினேன். அப்பளத்தை உடைத்து அள்ளி வாயில் போட்டேன். தக்காளி விறைப்பாக, வெங்காயம் நறுக்கென்று, எலுமிச்சை பல்லில் கூச, எப்படி இருக்க வேண்டுமென்று நீ சொன்னாயோ அப்படியே இருந்தது. அதை நீ அப்படித் தின்றதே இல்லை என்ற நினைப்பு வந்து அழுதுவிட்டேன். நான் அழுததைப் பார்த்து அத்தை, “மலையேறப் போறா” என்றார். தலையில் அடித்துக்கொள்ளத்தான் தோன்றியது.

கல்யாணம் நடந்தது. இப்போது நம் வீட்டில் நாங்கள்தான் முதலில் சாப்பிடுகிறோம். ஆண்கள் ஒரு பேச்சு பேசுவதில்லை. எனக்காக இல்லை, உனக்குப் பயந்து. செத்த பிறகும் எங்களுக்காக வேலை செய்ய நீதான் வரவேண்டியிருக்கிறது. அதை நினைத்தால் சோறு இறங்கமாட்டேன் என்கிறது.

வந்தவள் பேர் கீதா. செய்யாறு பக்கம். முறைப்படி அவள்தான் எனக்கு அக்கா, ஆனால் என் வாயில் அந்த வார்த்தை வராது. வயதில் சின்னவள், அவளே என்னை அக்கா என்கிறாள். அவளை வெறுப்பதற்கு ஏதாவது ஒரு காரணம் கிடைக்காதா என்று நானும் தேடிக்கொண்டுதான் இருந்தேன்.

போன வெள்ளிக்கிழமை எனக்காக மட்டும் சால்சா அரிந்துகொண்டிருந்தேன். வாசற்படியில் வந்து நின்றாள்.

“அக்கா, பெரியக்கா உங்க மேல வந்தாங்களாமே?”

“வரல. நான்தான் கத்தினேன்.”

கன்னத்தில் போட்டுக்கொள்வாள் என்று காத்திருந்தேன். அவள் சிரித்துவிட்டாள். “நெனச்சேங்க்கா. செத்தவங்க யாராவது சாப்பாட்டுக்குச் சண்ட போடுவாங்களா? வயிறு இருக்கறவங்கதான் போடுவாங்க.”

அன்று கத்தினது நான்தான் என்று இந்த ஊரில் நம்பிய முதல் ஆள் அவள். எவளை என் ஜென்மத்துக்கும் மன்னிக்கக் கூடாது என்று வைத்திருந்தேனோ, அவள். எனக்கு அதற்கும் கோபம்தான் வந்தது. ஆனால் கத்தியை அவள் பக்கம் தள்ளிவிட்டேன். தக்காளியைக் கொழுக்கட்டை கொழுக்கட்டையாக அரிந்தாள். பொடியாக என்றேன். அரிந்து முடித்ததும் உப்பு டப்பாவை எடுத்தாள். கையைப் பிடித்துக்கொண்டேன்.

“உப்பு கடைசில.”

“கடைசின்னா எப்ப?”

“நீ உக்காந்ததுக்கு அப்பறம்.”

அவள் உட்கார்ந்தாள். கடையிலிருந்து தாகத்தோடு யாரோ வந்திருக்க வேண்டும், கூடத்திலிருந்து அந்தப் பழைய குரல் வந்தது: “மோரு எங்க?” அவள் பாதி எழுந்துவிட்டாள் அக்கா, அப்படியே உன்னைப் போல. நான் அவள் தோளைப் பிடித்து அழுத்தி உட்கார வைத்துவிட்டு, “சாப்பிடறோம், எடுத்துக்குங்க” என்று கத்தினேன். என் குரலில்தான்.

உனக்கு ஒரு வாக்குக் கொடுக்கிறேன். அடுத்த படையலுக்கு முன்னால், எல்லாரும் இருக்கும்போது, உன் புருஷன் முகத்தைப் பார்த்தே சொல்வேன்: அன்றைக்குப் பேசியது மகேசு இல்லை, பரிமளா. பயம் தெளிந்து அவர்கள் பழையபடி இலையைப் பிடுங்க வந்தால் வரட்டும். அதற்கும் நான்தான் கத்துவேன். உன் பேரை இனிமேல் எடுக்கமாட்டேன். எங்களுக்காக நீ யார் மேலும் இறங்கி வரவேண்டாம்.

உட்கார் அக்கா. உப்பு போட்டாகிவிட்டது. முதலில் நீ சாப்பிடு.

இன்னும் கோபம் ஆறாத,
உன் ஓரகத்தி
பரிமளா
ஆரணி